நிரம்பாத குழி

நஸ்மியே வீட்டுக் கழிவுக்குழி நிரம்பியதே கிடையாது. துரஸ் நகரில் எங்கள் தெருவில் மற்ற எல்லோரும் வருஷா வருஷம் லாரியை வரவழைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு குழியைக் காலி செய்வோம். அவள் மட்டும் சன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பாள். சுத்தமாகச் சாப்பிடுகிற குடும்பத்துக்குக் குழி நிரம்பாதாம். பக்கத்து வீட்டுக்காரி திரிதாவாகிய என்னிடமே இதைச் சொல்லியிருக்கிறாள்.

விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றினால் அவளுக்குப் போதாது, காலுறையையும் உற்றுப் பார்ப்பாள். நான் சுட்டுக் கொண்டுபோன பியூரெக் பலகாரத்தை முகர்ந்துவிட்டுத்தான் வாங்குவாள். புருஷன் செத்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் எழுந்ததுமே நாற்காலியைத் துடைத்தாள். அந்தச் சுத்தத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

பிறகு, தெருவுக்கு அடியில் ரோமானியர் காலத்து வட்ட அரங்கம் இருக்கிறதென்று தொல்லியல் துறையினர் தோண்ட வந்தார்கள். அவள் மகன் அக்ரோனுக்கு அங்கே மண் அள்ளும் வேலை கிடைத்தது. எங்கள் வீடுகளின் அடித்தளத்துக்குக் கீழே அரங்கத்தின் வளைந்த கல் நடைவழி இருந்தது. பின்னாளில் யாரோ அதற்குள் தேவாலயம் கட்டிப் பிணங்களைப் புதைத்திருந்தார்கள். நுழைந்தவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். உள்ளே இடுப்பளவு மலம். ஏதோ ஒரு வீட்டிலிருந்து பல காலமாக வடிந்திருக்கிறது. செத்தவர்களின் எலும்புகள் அதில்தான் ஊறிக் கிடந்தன.

வேலை முடிந்து வரும் அக்ரோனை முற்றத்திலேயே நிறுத்திக் குழாய்த் தண்ணீரை அடிப்பாள் நஸ்மியே. சாப்பாடும் வெளியேதான்.

"கண்டவ வீட்டுப் பீய என் புள்ள அள்ளணுமா?" என்று என் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

எந்த வீட்டுக் குழியோ, அந்த வீட்டைக் காலி செய்து இடித்தாக வேண்டும் என்றாள் வேலைக்குப் பொறுப்பான வல்போனா. எந்த வீடென்று கண்டுபிடிக்கக் கழிப்பறைகளில் சிவப்புச் சாயத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னதே நஸ்மியேதான். முதலில் என் வீட்டில் ஊற்றவைத்தாள். கீழே ஒன்றும் வரவில்லை. வரிசையாக மற்ற வீடுகளிலும் ஊற்றினார்கள், வரவில்லை. தெருவே கூடி அவளைப் பார்த்தது. என் வீட்டிலும் பாருங்கள் என்று வாளியைப் பிடுங்கித் தானே ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில், கீழே நின்றிருந்த அக்ரோன் ஏறி வந்தான். தலைமுதல் சட்டைவரை சிவப்பு.

"போதும்மா, இனி ஊத்தாத," என்றான். "நம்ம வீட்டோடதுதான்."

சிரிக்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்! அவன்மேல் அடித்த நாற்றத்தில் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

அன்றே அவள் கழிப்பறையைச் சிமென்ட் போட்டு அடைத்தார்கள். குளிர்காலம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மறுநாள் காலை, தன் சோப்போடும் பிரஷ்ஷோடும் என் வாசலில் நின்றாள்.

"உன் கக்கூஸ் கழுவி வெச்சிருக்கா?"

"இஷ்டமிருந்தா போ. இல்லாட்டி உன் முற்றத்துல உக்காரு," என்றேன்.

போனாள். உள்ளே தேய்க்கும் சத்தம் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டிவிடலாமென்று கதவைத் தட்டினேன். தாழ் போடவில்லை, திறந்துகொண்டது. மண்டியிட்டு, நான் விடியலில் கழுவிவைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.