இரண்டாம் பாகம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

ஐந்தாறு வருடங்களுக்கு முன், பதுளையில் அடைமழை பிடித்திருந்த ஒரு கார்த்திகை மாதம் அது. நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியன். பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும் உத்தியோகம் பார்த்தது, கலியாணம் கட்டியது, மனைவியைப் பறிகொடுத்தது எல்லாம் பதுளையில்தான். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் மடுல்சீமைப் பக்கம் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு பஸ்ஸில் போய், சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தேன். அந்த 'இலவசமாக' என்ற சொல்லை அந்நாட்களில் நான் அடிக்கடி சொல்லிக்கொள்வேன். அதையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக ஒட்டி வாழும் வீடுகளில், ஒரு மாயாஜாலப் படம் பெரிய விஷயமாக இருந்தது. வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்தது. முதல் பாகத்தை முந்திய வருடமே பார்த்துவிட்டார்கள். அதன் முடிவில் ஒரு சிறுமி பறக்கும் யானையின் மேல் ஏறி நெருப்பு மலைக்குள் போகிறாளாம். படம் அங்கேயே நின்றுவிட்டதாம். யானை செத்ததா பிழைத்ததா என்று கொழுந்து எடுக்கும்போதும் குழாயடியிலும் ஒரு வருடமாகப் பேச்சு. இரண்டாம் பாகம் கொழும்பில் ஓடியபோது யாராலும் போய்ப் பார்க்க முடியவில்லை. தியேட்டருக்குள் கைபேசியில் பிடித்த கொப்பி ஒன்று சுற்றி வந்தது. தோட்டத் தலைவர் அதை வேண்டாம் என்றுவிட்டார். "போன தடவ பாத்தோமே, யானைக்கு முன்னால எவனோ எந்திரிச்சு மூத்திரம் பெய்யப் போனான். நல்ல டிவிடி வரட்டும். எல்லாரும் ஒண்ணா பாப்போம்." அதுதான் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு: வந்தாலும் யாரும் தனியாகப் பார்க்கக் கூடாது.

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த லயத்துப் பையன் ஒருவன், டிவிடி விற்பனைக்கு வந்தவுடன் வாங்கிக்கொண்டு லீவில் வந்தான். வந்த அன்றே தலைவர் அதை வாங்கிக் கோயிலில், அம்மன் நகைகள் இருக்கும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டில் வைத்தால் எவனாவது இரவில் போட்டுப் பார்த்துவிடுவான் என்று பயம். ஞாயிறு பின்னேரம் பூசாரி அதை எடுத்துக் கொடுத்தபோது உறையில் சந்தனப் பொட்டு இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஞாயிறு பின்னேரம் என்னுடைய வகுப்பு நேரம். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அன்றைக்குப் படத்தை நிறுத்தச் சொல்லித் தலைவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் சிரித்தார். "ஒரு நாளு படம் பாத்தா கணக்கு மறந்துருமா சேர்? எங்களுக்கு வருசம் பூரா கணக்குத்தான், கொழுந்துக் கணக்கு."

"ஒரு பாடம் போனால் ஒரு மார்க் போகும், தலைவர். அது உங்களுக்கு விளங்காது" என்றேன்.

வகுப்புக்குத் திரும்பி வந்து பிள்ளைகளிடம், படம் பார்க்கப் போகிறவர்கள் இனி என் வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொன்னேன். அவர்கள் தலையைக் குனிந்தபடி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒரு மாணவி மட்டும் நின்றாள். கணக்கில் கெட்டிக்காரி, நிச்சயம் உயர்ந்த சித்தி எடுப்பாள் என்று நான் எதிர்பார்த்த ஒரே பிள்ளை. அவள் போகாததில் எனக்கு ஒரு வெற்றி. பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, "உன்ரை காம்பராவுக்குப் போ. கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய். நான் பஸ் ஏற முதல் வந்து பார்ப்பன்" என்றேன். லயத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள ஓர் அறையைத்தான் காம்பரா என்பார்கள். அவளுடையது கடைசிக் காம்பரா, மண்மேட்டை ஒட்டியது. அப்பா கொழும்பில் வேலை. அம்மா அன்று டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். "சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மழை வலுத்தது. பஸ் வரும் குறி இல்லை. "நனைஞ்சுக்கிட்டு ஏன் நிக்கிறீங்க, உள்ளுக்கு வந்து ஒக்காருங்க சேர்" என்று தலைவர் என்னைப் பிள்ளை மடுவத்துக்குக் கூட்டிப் போனார். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் நீளமான கட்டடம் அது. யன்னல்களைத் தறப்பாளால் மூடியிருந்தார்கள். கோயில் ஸ்பீக்கர் இரண்டும் மூலையில் இருந்தன. ஒரு கோடியில், குழந்தைகளுக்குப் பால் காய்ச்சும் சின்ன அறைக்குப் போகும் அகன்ற வாசலில், இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரையாகக் கட்டியிருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். லயமே தரையில் இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கண்டதும் பெரியவர்களின் கம்பளிகளுக்குள் தலையை இழுத்துக்கொண்டார்கள்.

நான் படத்தைப் பார்க்காமல் குனிந்து இருக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. யானை உயிரோடு வந்தபோது மடுவமே கைதட்டியது. என் கையும் தட்டியது. கையில் தந்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. பின்னால் ஒரு பெண், "சேரு கண்ணு வாங்காம பாக்குறாரு, நாளைக்கு யானைக்கும் கணக்கு சொல்லிக் குடுப்பாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு பிள்ளையைத் தனியே அடைத்துவைத்துவிட்டு வந்தவன் அங்கே யானை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கல்லால் ஆன போர்வீரர்கள் மலையிலிருந்து இறங்கி வரும் இடம். ஒவ்வொரு அடிக்கும் ஸ்பீக்கர் இடித்தது. தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. டிவிடி கொண்டுவந்த பையன் பெருமையோடு, "பாத்தீங்களா, ஒரிஜினல்னா ஒரிஜினல்தான். நெலமே அதிருது" என்றான்.

அந்த நேரம் மின்சாரம் போனது. திரை இருண்டது, ஸ்பீக்கரும் அடங்கியது.

இடிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். வெளியே மழைப்புகைக்குள், லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு இருக்கவில்லை. லயத்தின் கடைசிப் பக்கமும் இருக்கவில்லை. கூரைத் தகரம் ஒன்று சேற்றுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. தேயிலைச் செடிகள் வேரோடு முற்றத்தில் வந்து கிடந்தன.

பெண்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். யார் யாரைத் தேடுகிறார்கள் என்றே தெரியவில்லை. தலைவர்தான் நிதானமாக இருந்தார். காலையில் வேலைக்குப் போகுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்களே, அதே குரலில், "எல்லாரும் வரிசையா நில்லுங்க. பேர் கூப்புடுறேன். பெரட்டு மாதிரி பதில் சொல்லணும்" என்றார். முதலாம் காம்பராவிலிருந்து தொடங்கினார். பெயர் சொல்லச் சொல்ல, "இருக்கேன்", "இருக்கேங்க" என்று பதில் வந்தது. கைக்குழந்தைகளுக்குத் தாய்மார் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு 'இருக்கேன்' பதிலுக்கும் கூட்டத்தில் மூச்சு இறங்கியது.

கடைசிக் காம்பராவுக்கு வந்தார். மாணவியின் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை, உரக்கக் கூப்பிட்டார்.

"அம்மாக்காரி டவுனுக்குப் போனா. புள்ள எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் சொன்னேன். சொல்ல வேண்டியவன் நான்தானே. "பிள்ளை வீட்டிலை. நான்தான் இருக்கச் சொன்னனான்."

யாரும் என்னை ஏசவில்லை. திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்குள் இளைஞர்கள் மண்வெட்டியோடு ஓடிவிட்டார்கள். நானும் ஓடினேன். வழுக்கி விழுந்தேன், எழுந்தேன். கண்ணாடி எங்கேயோ போனது. அந்தச் சேற்றை இரண்டு கையாலும் வாரினேன். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி வாரினேன். மண் கொஞ்சமும் குறையவில்லை. 'கதவைச் சாத்திக்கொண்டு செய்' என்று நான் சொன்னது திரும்பத் திரும்பக் காதுக்குள் கேட்டது. திறந்திருந்தாலாவது ஓடியிருப்பாளே என்று நினைத்தேன். தலைவர் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். "சேர், இன்னும் மண்ணு வரும். பின்னுக்கு வாங்க." நான் வரவில்லை. என் வயதில் ஒருவன் அங்கேயே புதைந்து போவதுதான் நியாயம் என்று பட்டது.

அப்போதுதான் மடுவத்துப் பக்கமிருந்து சத்தம் வந்தது. டிவிடி கொண்டுவந்த பையன், இரவல் வாங்கிய படம் காட்டும் கருவி நனைந்துவிடும் என்று திரும்ப உள்ளே போயிருக்கிறான். திரையை அவிழ்த்திருக்கிறான்.

"தலைவரே, புள்ள இங்கின இருக்கு. இந்தா, இங்கினதான் குந்திக்கிட்டு இருக்கு."

நாங்கள் மடுவத்து வாசலுக்கு ஓடினோம். பால் காய்ச்சும் அறையிலிருந்து, அவனுக்குப் பின்னால் ஒளிந்தபடி அவள் வந்தாள். உடம்பில் ஒரு துளி சேறு இல்லை. என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"சேர், ஏசாதீங்க" என்றாள். "நா முன்னுக்கு வரவே இல்ல சேர். பின்னுக்கு இருந்துதான் பாத்தேன்."

பின்கதவால் வந்து, திரைத்துணியின் மறுபக்கத்தில் இருந்து, இடம் வலமாகத் தெரிந்த படத்தை அவள் பார்த்திருக்கிறாள். முன்பக்கம் நான் நாற்காலியில் இருந்தேனே.

"பேர் கூப்பிட்டது கேக்கலியா புள்ள?" என்று தலைவர் கேட்டார்.

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் வாய தொறக்கல?"

அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். "கரண்டு போச்சுன்னு எல்லாரும் வெளிய போனாங்கன்னு நெனச்சேன். படம் பாக்க வந்தது யாரு யாருன்னு சேர் பேர் கூப்புடச் சொல்லிப் புடிக்கிறாருன்னு நெனச்சேன்."

தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் அவளுக்கு மற்றது ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. அப்போதுதான் அவள் என் சேற்றுக் கைகளைத் தாண்டி லயத்தைப் பார்த்தாள். தன் காம்பரா இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நீங்க குடுத்த பேப்பரு உள்ளுக்க இருக்கு சேர்."

நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேசவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. "பயப்படாத புள்ள, இனி ஏசுறதுக்கு சேருகிட்ட ஒண்ணும் இல்ல" என்றார் தலைவர். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அழுதுகொண்டே. நான்கு குடும்பத்து வீடு மண்ணுக்குள் போயிருந்தது. ஓர் ஆடும் சில கோழிகளும் போயின. மனிதர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னபடி படத்தை நிறுத்தியிருந்தால் லயமே வீட்டுக்குள் இருந்திருக்கும்.

இருட்டுமுன் அவளுடைய அம்மா வந்தார். பாதையில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டதால் அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். மகளை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றவர், பிறகு என்னிடம் வந்து கும்பிட்டார். "சேர் இருந்ததாலதான் எம் புள்ள தப்பிச்சுது. நீங்க வகுப்புல வச்சிருந்தீங்களா?"

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். சுற்றி நின்றவர்களும் என்னை விட்டுவிடத் தயாராக இருந்தார்கள். ஆனால் அந்தக் கும்பிடு என்னால் தாங்க முடியாததாக இருந்தது. "இல்லையம்மா" என்றேன். "உங்கடை பிள்ளையை அந்தக் காம்பராவுக்குள்ளை கதவைச் சாத்திக்கொண்டு இருக்கச் சொன்னதே நான்தான். என்ரை சொல்லைக் கேளாமல் வந்தபடியால்தான் உயிரோடை இருக்கிறாள்."

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசவேண்டும் என்றும் விரும்பினேன். "அது இப்ப எதுக்கு சேர்" என்றார். "புள்ள இருக்குல்ல." பிறகு என் கைகளைப் பார்த்துவிட்டு, "மொத கைய கழுவுங்க. ரத்தம் வருது" என்றார். அதுவரை எனக்கு அது தெரியாது.

லயத்து ஆட்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பல வாரம் தங்கினார்கள். நான் அங்கேயே போய் வகுப்பு நடத்தினேன். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது பெரும் சங்கடமாகப் போய்விட்டது. மேசைக்கடியில் பேனை தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். கணக்கில் சாதாரண சித்திதான் எடுத்தாள். நான் எதிர்பார்த்தது அதைவிட அதிகம். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. படத்தின் மீதியை அதே பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் போட்டுப் பார்த்தார்களாம். எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். நான் போகவில்லை. நான் இல்லாமல் அவர்கள் ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாற்பது வருடம் ஆசிரியனாக இருந்தவன் நான். என்னைக் கண்டால் பிள்ளைகள் நடுங்குவார்கள் என்று மற்றவர்கள் சொல்லும்போது அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்று அவள் என் பேச்சைக் கேட்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம், இன்றும் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்குகிறது. அவள் பேரைக் கூப்பிட்டபோது, 'இருக்கேன்' என்ற ஒரு சொல்லைச் சொல்லவும் பயப்படும்படி நான் அவளை வைத்திருந்தேன் என்பதை நினைக்கும்போது, இறங்கியதில் பாதி திரும்பவும் ஏறிவிடுகிறது.