பத்து நிமிட இன்ஜின்

இரண்டு மழைக்காலங்களுக்கு முன்னால் நடந்தது இது. சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் போகும் பக்கத்தில், ஓர் ஏரிக்குக் கீழே இருக்கிறது எங்கள் அபார்ட்மென்ட். ஏரி மேலே, நாங்கள் கீழே. வீடு வாங்கும்போது யாரும் இதை யோசிக்கவில்லை. பால்கனியில் நின்றால் தண்ணீர் தெரிகிறது என்பதிலேயே எல்லோரும் விழுந்துவிட்டோம்.

ஒரு வருடம் கனமழையில் ஏரி நிரம்பி, ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயில் போக வேண்டிய தண்ணீர் எங்கள் பார்க்கிங் வழியாகப் போனது. டிராக்டரில் நின்றுகொண்டு ஆபீஸ் போனோம். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எங்கள் சங்கம் ஒரு படகு வாங்கிவிட்டது. ஆமாம், படகுதான். மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து வந்த பழைய ஃபைபர் படகு. பின்னால் மாட்டுகிற சின்ன பெட்ரோல் இன்ஜின். தனியாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டேங்க். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் நடுவே, கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றுவதற்கு ஒரு ரப்பர் பந்து. பெங்களூரில் படகா என்று ஊரிலிருந்து போன் செய்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

படகை ஓட்டும் பொறுப்பு எங்கள் எலக்ட்ரீஷியன் தலையில் விழுந்தது. நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், தண்ணீர் பழகிய ஆள் என்பதுதான் காரணம். "எங்க ஊர்ல டீசல் இன்ஜின் மேடம். இது என்னமோ மிக்ஸி மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். வாங்கிய அன்று ஏரியில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார். இன்ஜின் ஒருமுறைகூட முனகவில்லை.

ஒரே இடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். அதனாலேயே பராமரிப்புக் குழுவில் இருந்தேன். டேங்கை வைக்க இடமில்லை என்றார்கள். என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மூலை இருந்தது, அங்கே வைக்கச் சொன்னேன். வைத்த மறுநாளே சாம்பாரில் பெட்ரோல் வாடை. வெளியே போய்ப் பார்த்தேன். டேங்க் மூடியின் நடுவில் ஒரு குட்டித் திருகு, அதனடியில் ஊசி முனையளவு ஓட்டை. வாடை அங்கிருந்துதான். திருகை இறுக்கினேன், போதவில்லை. குழாய் ஒழுகினால் அடைப்பதற்கு பிளம்பர் மீதம் வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பசை வீட்டில் இருந்தது. ஒரு கிள்ளு எடுத்துப் பிசைந்து திருகின்மேல் வைத்து அமுக்கினேன். காய்ந்து கூழாங்கல் மாதிரி ஆனது. வாடை போயிற்று. அரை நிமிட வேலை. அதற்குள் மறந்தும் போனேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ஏரியில் படகை இறக்கினோம். ஒரே இழுப்பில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. பத்து நிமிடம் அருமையாக ஓடியது. பிறகு குரல் மாறியது, தொண்டை கட்டியவர் பேசுவதுபோல. எவ்வளவு முறுக்கினாலும் வேகம் ஏறவில்லை. கடைசியில் நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்போம், இருக்கும். மூடுவோம். கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து இழுத்தால் உடனே கிளம்பும். மறுபடி பத்தே நிமிடம்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. அப்படியானால் சூடுதான் காரணம். இதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பைக் மெக்கானிக் வந்து ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், இக்னிஷன் காயில் சூட்டில் படுத்துவிடுகிறது என்று அதையும் மாற்றினார். இன்ஜினுக்குள் தண்ணீர் போகும் இடத்தில் பாசி அடைத்திருக்கும் என்றார் ஒருவர். எலக்ட்ரீஷியன் மட்டும், "தண்ணி நல்லா பீச்சுது மேடம். தொட்டுப் பாருங்க, அவ்வளவு சூடே ஏறல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தொட்டுப் பார்க்கவில்லை.

அதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்து அபார்ட்மென்ட் குரூப்பில் ஒரு வரி எழுதினேன்: "பெட்ரோல் எங்கே, எப்படி வாங்கப்படுகிறது என்று யாராவது கவனிக்கிறோமா?" யாரையும் குற்றம் சொல்லாத மாதிரி குற்றம் சொல்லும் வரி. எழுதுவதே வேலையாக இருக்கிறவளுக்கு அது சுலபமாக வந்துவிட்டது. நிறைய கட்டைவிரல்கள் விழுந்தன. பெட்ரோல் வாங்கி வருவது எலக்ட்ரீஷியன்தான். அதன்பிறகு ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அவர் பங்க்கில் கேனோடு நின்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப ஆரம்பித்தார். கூட ஒரு வார்த்தையும் இருக்காது. வெறும் போட்டோ.

அக்டோபரில் மூன்று நாள் மழை. இரண்டாம் நாள் காலையில் ஏரிக்கரை உடைந்தது. எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார். கன்டோன்மென்ட் சர்ச் பக்கம் பிறந்து வளர்ந்தவர், அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். கரை உடைந்த அன்றே போயிருக்க வேண்டும், முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். இனி ஒரு மணி நேரம்கூடத் தள்ள வேண்டாம் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் வந்து நின்றது. அதற்கு மேல் வர வழியில்லை. கால்வாய்ப் பக்கம் சாலையே அரித்துப் போயிருந்ததால் டிராக்டர்காரர் கையை விரித்தார். தீயணைப்புப் படகு வேறு லேஅவுட்டில் இருந்தது.

மெயின் ரோடு வரை எங்கள் படகில் இருபத்தைந்து நிமிடம். இன்ஜின் தருவதோ பத்து நிமிடம்.

எலக்ட்ரீஷியன்தான் திட்டம் போட்டார். கால்வாயைத் தாண்டியதும் கட்டி முடிக்காத ஒரு கட்டிடம் இருக்கிறது. அதன் மாடிப்படியில் படகைக் கட்டி இன்ஜினை ஆற வைத்து, மறுபடி கிளம்ப வேண்டியது. எதிர்வீட்டுக்காரரின் மனைவிக்கு முழங்கால் வலி, படகில் இறங்க முடியாது. நான் பையும் குடையுமாகக் கூடப் போனேன். பால்கனியிலிருந்து அந்த அம்மா, "ஸ்வெட்டர் பையில இருக்கு, போட்டுக்கோங்க! போட்டுக்கோங்கன்னா!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

"லேக் வியூன்னு சொல்லி வித்தான்" என்றார் எதிர்வீட்டுக்காரர், நாலு மூச்சுக்கு நடுவே. "பொய் சொல்லல பாரும்மா."

தெருவிளக்குகள் மார்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றன. கார்களின் கூரைகள் மட்டும் தெரிந்தன. எங்கேயோ ஒரு மாடியில் குக்கர் விசில் அடித்தது. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்று பேர் பாரம் என்பதாலோ என்னவோ, ஏழாவது நிமிடத்திலேயே குரல் மாறியது. அதுவும் சரியாகக் கால்வாய்ப் பக்கம். சுவர் இடிந்து விழுந்த இடத்தில் தண்ணீர் மொத்தமாகப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. இன்ஜின் நின்றது. படகு மெதுவாகத் திரும்பி அந்த இடுக்கைப் பார்த்துப் போனது.

எலக்ட்ரீஷியன் எட்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். "கயிற சுத்துங்க மேடம்! பயப்படாதீங்க, கரண்ட் லைன நான்தான் கட் பண்ணேன்!" கயிற்றைச் சுற்றி இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது. அவர் ஸ்டார்ட்டரை இழுத்தார். இன்னொரு தடவை. பத்து தடவை. இன்ஜின் இருமியதே தவிரக் கிளம்பவில்லை.

"ஆறணும் சார். பத்து நிமிஷம்" என்றார். கயிறு அதுவரை தாங்க வேண்டும். இன்னொரு சுற்று சுற்றி இழுத்துப் பிடித்தேன்.

நோயாளி குனிந்து தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயக்கம் வருகிறதோ என்று எனக்குப் பதறியது. அவர் விரலை நீட்டி அந்த ரப்பர் பந்தைத் தொட்டார். அது காலால் மிதித்ததுபோலச் சப்பையாக ஒட்டிக் கிடந்தது.

"தம்பி, இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"இல்ல சார், உப்பலா இருக்கும்."

"என் டயாலிசிஸ் குழாய்லயும் இப்படி ஒரு குட்டிப் பை இருக்கு. இங்கேருந்து ரத்தம் சரியா போகலேன்னா சப்பையாயிடும். மெஷின் கத்தும், நர்ஸ் ஓடி வருவா." மூச்சு வாங்கினார். "டேங்க்க பாரு. வயிறு ஒட்டிப்போச்சு. முன்னெல்லாம் கண்ணாடி பாட்டில்ல சலைன் ஏத்துவாங்க. காத்து உள்ள போக மேல ஒரு ஊசி குத்தணும். இல்லேன்னா சொட்டு நின்னுடும். இதுக்குக் காத்து எங்கேருந்து போகுது?"

எலக்ட்ரீஷியன் மூடியைத் திருகினார். சுலபத்தில் வரவில்லை. வந்தபோது 'உஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். உள்ளே குழிந்திருந்த டேங்கின் பக்கங்கள் 'டொப்'பென்று வெளியே வந்தன. பந்தை அமுக்கினார், உப்பியது. ஸ்டார்ட்டரை ஒரு முறைதான் இழுத்தார், இன்ஜின் கிளம்பியது. கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

ஆக, சூடே இல்லை. பெட்ரோல் போகப் போக டேங்குக்குள் வெற்றிடம். பத்து நிமிடத்தில் அது பெட்ரோலை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் இருக்கிறதா என்று நாங்கள் மூடியைத் திறந்து பார்த்ததுதான் ஒவ்வொரு முறையும் வைத்தியமாக இருந்திருக்கிறது. ஆறியதால் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

"மூடிய லூசா வச்சு கைய வச்சுப் புடிச்சிக்கங்க மேடம், சிந்தாம" என்றார். பிடித்துக்கொண்டேன். உள்ளங்கைக்கடியில் கூழாங்கல் மாதிரி ஒன்று அழுத்தியது. அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது.

"காத்து ஓட்டைய யாரோ புண்ணியவான் அடைச்சு வச்சிருக்கான்" என்றார் எலக்ட்ரீஷியன், தண்ணீரைப் பார்த்தபடி. "ரிசார்ட்காரனா இருக்கும்."

மெயின் ரோடு வரை அந்தக் கையை எடுக்கவில்லை. என் சமையலறையிலிருந்து நான் துரத்திய அதே வாடை என் கை முழுக்க ஏறிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் எதிர்வீட்டுக்காரரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவர் மருமகன் அங்கே காத்திருந்தார். கதவு மூடும்போது அவர் கையை உயர்த்தி, ரப்பர் பந்தை அமுக்குவதுபோல விரல்களை மடக்கிக் காட்டினார்.

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரால் பசையைக் குத்திப் பெயர்த்துத் திருகைத் தளர்த்தினார். திரும்பும்போது இன்ஜின் இருபத்தைந்து நிமிடமும் ஒரே குரலில் ஓடியது. கால்வாயைத் தாண்டிய பிறகு சொன்னேன். "அடைச்சது நான்தாங்க. வாடை வருதுன்னு." அவர் என்னைப் பார்த்தார். பிறகு இன்ஜினைப் பார்த்தார். கேட்டில் படகைக் கட்டிவிட்டுச் சொன்னார்: "என் பெட்ரோல் நல்ல பெட்ரோல்தான்னு குரூப்புல போட்டுருங்க மேடம். போட்டோ வேணாம்."

முழங்கால் தண்ணீரில் நின்றபடியே எழுதினேன். ஓட்டையை அடைத்தது நான், பெட்ரோலிலும் குறையில்லை, எலக்ட்ரீஷியனிடமும் குறையில்லை, நான் எழுதியது தவறு. நாலு வரி. எதையும் எழுத எனக்கு அவ்வளவு நேரம் ஆனதில்லை. இந்த முறை கட்டைவிரல்கள் குறைவாகத்தான் விழுந்தன.

எதிர்வீட்டுக்காரர் நாலு நாள் கழித்து, மகள் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பி வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தி, "ஏம்மா, உண்மைய சொல்லு, என் கிட்னிக்கும் எதுனா பசை வச்சியா?" என்றார். அவர் மனைவி அவர் தோளில் அடித்தார். நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

இப்போதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதாவது திடீரென்று நின்றால், வீட்டிலோ வேலையிலோ, என் விரல் முதலில் போனைத்தான் தேடுகிறது, யாரையாவது குறை சொல்லி ஒரு வரி எழுத. அப்போது உள்ளங்கையில் அந்தக் கூழாங்கல் அழுத்துகிறது, நான் போனை வைத்துவிட்டு எழுந்து போய் முதலில் தொட்டுப் பார்க்கிறேன்.