பரிசுக் காசும் குக்கர் கேஸ்கெட்டும்

இன்று காலை சூலூர் பஸ் ஸ்டாண்டு லாட்டரிக் கடையில் என் சீட்டுக்கு ஐம்பது ரூபாய் விழுந்தது. இந்த ஜில்லாவிலேயே நம்பர் கணக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே!

கடைக்காரர் கேட்காமலேயே, காசுக்குப் பதிலாகப் புதுச் சீட்டுகளை எண்ணி நீட்டினார். ஆண்களிடம் அதுதான் வழக்கம்.

பக்கத்தில் நின்ற, தறி ஓட்டும் பெண் ஒருவருக்கும் அதே ஐம்பது.

"எனக்குக் காசாவே குடுத்துப்போடுங்க" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க அம்மணி, ராசி வந்த நேரத்துல பயந்து ஓடுனா லட்சாதிபதி ஆவறது எப்படி?"

"நீங்க எத்தனை வருசமா வாங்கறீங்க?"

"பதினஞ்சு வருசமுங்க. நூறு தடவை விழுந்திருக்குது!"

"அதுல ஒரு ரூவாயாச்சும் ஊடு போய்ச் சேந்துச்சுங்களா?"

கடையே சிரித்தது. வந்த எரிச்சலில், குக்கர் கேஸ்கெட்டுக்கு வைத்திருந்த காசிலும் சீட்டு வாங்கிவிட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "கேஸ்கெட் எங்கீங்க?"

சீட்டுகளைக் காட்டினேன்.

"இதை மடிச்சு மூடில வெச்சா விசில் வருமுங்களா?"

முதல் பரிசு விழட்டும், குக்கர் கம்பெனியையே வாங்கிக் காட்டுகிறேன். அதுவரைக்கும் யார் வீட்டிலாவது பழைய கேஸ்கெட் இருந்தால் சொல்லுங்கள்.