உள்பக்கம் போட்ட வாஷர்

என் நாத்தனாருக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் வீல்சேர் ரிப்பேர் செய்கிற வேலை. தேய்ந்த டயர், ஆடுகிற சக்கரம், உடைந்த கால்தாங்கி எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். இடது கை முழுதாக நீளாது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் இருபத்தாறு வருஷமாகச் சக்கரம் மாட்டுகிறாள். ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பார்க்காமல் எந்த நாற்காலியும் அவள் அறையை விட்டு வெளியே போகாது. பெரிய டாக்டரே அவசரப்பட்டாலும் “ரெண்டு நிமிஷம் நில்லுங்க” என்பாள்.

கை போன கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் அவளும் அவள் தோழியும் சைக்கிளில் பன்னிரண்டு நாள் பயணமாகக் கடல்வரைக்கும் போகக் கிளம்பினார்கள். முதல் நாள் எங்கள் தெரு இறக்கத்திலேயே இவள் முன்சக்கரம் கழன்றது; விழுந்ததில் இடது முழங்கை நொறுங்கிப்போனது. மாமனார் சக்கரத்தைத் தூக்கிவந்து பார்த்தார். சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் வெளிப்பக்கம், நட்டுக்கு அடியில் இருக்கவேண்டிய வாஷர், உள்பக்கம் மாட்டியிருந்தது. அந்தச் சக்கரத்தை மாட்டியவள் தோழி. கட்டிலில் கிடந்தபடியே இவள், “எல்லாம் உன்னாலதான். இனிமே என் மூஞ்சியில முழிக்காத” என்று சொல்லிவிட்டாள்.

பிறகு அது எங்கள் வீட்டு நகைச்சுவை ஆனது. என் வீட்டுக்காரர், அதாவது இவளுடைய அண்ணன், நாலு பேர் கூடினால் போதும், அந்தத் தோழியை “வாஷரை உள்ள போட்ட மெக்கானிக்கம்மா” என்று ஆரம்பித்துவிடுவார். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் அந்தத் தோழி தன் அம்மாவின் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு இவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். இப்போது பி.டி. டீச்சர். முப்பது வருஷம் கழித்துப் பேசிக்கொண்டார்கள். விட்ட பயணத்தை விட்ட இடத்திலிருந்தே, எங்கள் வீட்டிலிருந்தே, தொடங்குவதென்று முடிவானது. முந்தின நாள் சாயங்காலமே நாத்தனார் சைக்கிளோடு வந்துவிட்டாள். வழியனுப்பச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், பேச்சு களைகட்டியது. மெக்கானிக்கம்மா கதையும் வந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும், ஹாலில் நின்ற சைக்கிளுக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு குந்தினாள். குந்தியவள் எழுந்திருக்கவில்லை.

“அண்ணா, இதை யாரு கழட்டுனது?”

“நான்தான். மாடிப்படி திருப்பத்துல வீலோட ஏறல. கழட்டி மேல கொண்டாந்து மாட்டிவெச்சேன். ஏன்?”

வாஷர் உள்பக்கம் இருந்தது. நட்டு வெறும் கைமுறுக்கில் நின்றது.

“அன்னைக்கும் நீதான் கழட்டுனியா?”

அவர் செய்தித்தாளை மடித்தார், மறுபடி விரித்தார். “முந்தின ராத்திரி மழை வர்ற மாதிரி இருந்துச்சு. நனையக் கூடாதேன்னு மேல ஏத்தினேன்... அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பாரு. அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன்.”

“முப்பது வருஷமாவா?”

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். பயந்துபோய் மறைத்ததைக்கூட மன்னிக்கலாம். அதையே வைத்து ஊரைச் சிரிக்கவைத்த மனுஷனோடா இத்தனை நாள் குடித்தனம் நடத்தினேன்?

“அதை ஜோக்கா வேற சொன்னீங்களே, நாக்கு கூசல?”

“நீ வேற எரியற நெருப்புல எண்ணெயை ஊத்தாத.”

கீழே சைக்கிள் மணி அடித்தது. தோழி வந்துவிட்டாள்.

“கீழ வா. அவகிட்ட சொல்லு” என்றாள் நாத்தனார்.

“நல்லபடியா கிளம்பற நேரத்துல எதுக்கும்மா? போயிட்டு வாங்க, நிதானமா...”

“இப்பவே.”

செருப்புகூடப் போடாமல் இறங்கினார். நாத்தனார் சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளையும் அதையும் ஸ்பேனரையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். தெருவில் நின்று, தரையைப் பார்த்தபடி அவர் சொல்லிமுடித்தார். தோழி ஹெல்மெட் வாரை இறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க பயந்துட்டீங்கண்ணா. சரி, விடுங்க” என்றாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள். குரல் மாறிவிட்டது.

“நான் வாஷரை வெளிப்பக்கந்தான் போட்டேன்னு அன்னைக்கே சொன்னேன். உன் கட்டில் பக்கத்துல நின்னு மூணு தடவை சொன்னேன். நீ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்ட.”

அதுவரை அண்ணனை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தவள் தோழி பக்கம் திரும்பினாள். கையிலிருந்த ஸ்பேனரைத் தோழியிடம் நீட்டினாள்.

“நீயே மாட்டு.”

தோழி சக்கரத்தை வைத்து, வாஷரை வெளிப்பக்கம் போட்டு, இரண்டு நட்டையும் இறுக்கினாள். நாத்தனார் குனிந்து சரிபார்க்கவில்லை. அப்படியே ஏறி உட்கார்ந்து, இறக்கத்தில் விட்டாள்.