மேல் லிமிட்டில் கட்டிய மாலை

எங்கள் தொழிற்சாலையின் இருபது டன் கிரேனை ஓட்டுகிறவள் நான். ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரி நிலத்துக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். இரண்டையும் சேர்த்து எழுதும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வந்த முதல் நாள், கூரைக்கடியில் சுவருக்குச் சுவர் நீண்டிருந்த இரும்புப் பாலம் தண்டவாளத்தில் நகர்ந்தபோது, கட்டடமே நடக்கிறது என்று நினைத்து நின்றுவிட்டேன். இப்போது அதில் தொங்கும் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து நானே அதை நகர்த்துகிறேன். அந்த மலைப்பு இன்னும் போகவில்லை.

ஒவ்வொரு ஷிப்டும் சோதனையில்தான் தொடங்கும். கம்பிக் கயிற்றில் இழை அறுந்திருக்கிறதா, கொக்கியின் தாழ் மூடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, சைரன் அடிக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாக மேல் லிமிட். வெறும் கொக்கியை மெதுவாக உச்சிவரை ஏற்ற வேண்டும். அங்கே ஒரு லீவரிலிருந்து இரும்புக் குண்டு தொங்கும். கொக்கி அதை முட்டித் தூக்கியதும் லீவர் விடுபட்டு மோட்டார் தானாக நிற்கும். நிற்காவிட்டால் கொக்கி மேலே மோதிக் கயிறு அறுந்து, அத்தனை இரும்பும் கீழே நிற்கிறவர் தலையில் விழும். எல்லாம் சரி என்று நான் கையெழுத்துப் போடும்வரை யார் சொன்னாலும் சுமை தூக்கக் கூடாது.

தனியாக ஓட்ட அனுமதி கிடைத்த மாதமே ஆயுத பூஜை வந்தது. மற்ற மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். என் கிரேனுக்கு அது போதாது என்று தோன்றியது. உத்தனப்பள்ளிச் சாமந்தியில் பெரிய மாலை வாங்கி, மின்சாரத்தை நிறுத்திய பிறகு மேலே ஏறி, உச்சியில் நைலான் கயிற்றால் கட்டினேன். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

விடுமுறை முடிந்த காலை வாடிய மாலையை மேலிருந்து இழுத்து எடுத்துவிட்டேன். பன்னிரண்டு டன் இரும்பு வார்ப்பு அச்சு ஒன்றை ஏற்றிப்போக லாரி காத்திருந்தது. கீழே நின்று எனக்குச் சைகை காட்டுகிற அண்ணன் திருநெல்வேலிக்காரர்.

"என்ன தாயி, கிரேனுக்கு வளைகாப்பே நடத்திட்டியாமே? வளையல் எங்க?"

சிரித்துக்கொண்டே கொக்கியை ஏற்றினேன். அது குண்டைத் தொட்டது, தூக்கியது. மோட்டார் நிற்கவில்லை. கை தானாகக் கட்டுப்பாட்டுப் பிடியை விட்டுவிட்டது. மேலே மோத ஒரு சாண் இருக்கும்போது கொக்கி நின்றது.

கேபினிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. காலையில் நான் இழுத்தபோது மாலை மட்டும்தான் கையோடு வந்திருந்தது. நைலான் முடிச்சு லீவரை இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே இருந்தது.

சூப்பர்வைசர் தளிப் பக்கத்துக் கன்னடக்காரர். லிமிட் வேலை செய்யவில்லை என்று கேபினிலிருந்தே கத்திச் சொன்னதும், கீழே நின்று லாரியைக் காட்டினார். "அவ்ளோ உசரம் யாரும்மா தூக்கப் போறா? மத்தியானம் பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அச்சு ஆள் உயரத்துக்கு மேல் போகப் போவதில்லை. மத்தியானம் யாருக்கும் தெரியாமல் அறுத்துவிட்டால் என் பிழையும் மறைந்துவிடும். சொன்னால் கிரேன் கைவிட்டுப் போகலாம். ஆனால் அந்த அண்ணன் கொக்கிக்கு நேர் கீழே மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார். இங்கிருந்து அது ஒரு எலுமிச்சை அளவுதான்.

இறங்கி வந்து சொன்னேன். "சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன். லிமிட்ட கட்டிப்போட்டது நான்தான். மாலைக் கயிறு."

அவர் அண்ணாந்து லீவரைப் பார்த்தார். பிறகு மெயின் சுவிட்சைப் பூட்டச் சொல்லி, பராமரிப்பு ஆளை மேலே அனுப்பினார். முடிச்சு அறுக்கப்பட்டது. மூன்று முறை ஏற்றிப் பார்த்தேன். மூன்று முறையும் மோட்டார் தானே நின்றது. நடந்ததை என் கையாலேயே பதிவேட்டில் எழுத வைத்தார். என்னை என்ன செய்யப் போகிறார் என்று நின்றேன்.

"இனிமே மாலை கேபின் கதவுக்கு மட்டும். ஏறும்மா, லாரி நிக்குது."

அண்ணன் இந்த முறை கொக்கிக்குக் கீழே நிற்கவில்லை. நன்றாக விலகி நின்று கையை உயர்த்தினார். அச்சைத் தரையிலிருந்து ஒரு விரல்கடை தூக்கி, பிரேக் பிடிக்கிறதா என்று நிறுத்தினேன். எங்கள் ஊர்க் கோயில் தேரைவிடக் கனமான இரும்பு, என் உள்ளங்கைக்குக் கட்டுப்பட்டு, இறங்காமல் ஆடாமல் காற்றில் நின்றது. தூக்கு என்று அண்ணனின் கை மீண்டும் மேலே அசைந்தது.