ஞானரட்ணம் அண்ணையின் பனிப் பயணக் குழு

டென்மார்க்கில் காலையில் விழுகிற பனி மத்தியானத்துக்குள் சேறாகிவிடும். மலையும் கிடையாது. சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் வானமலை என்று பெயர் வைத்து ஒரு மேட்டைக் காட்டுவார்கள். மூச்சு வாங்காமலே ஏறி இறங்கிவிடலாம். இப்படிப்பட்ட நாட்டில் முப்பது வருடம் இருந்த ஒரு மனிதருக்குப் பனிமேல் ஓடுகிற ஸ்கூட்டர் ஓட்ட ஆசை வந்தது என்றால் யாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

அவர் பெயர் ஞானரட்ணம். மன்னார்க்காரர், வயது ஐம்பத்தெட்டு. சில்க்போர்க்கில் ஒரே பண்டகசாலையில் நான் பொதி கட்டுகிறேன், அவர் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருடமாக அதே வண்டி, அதே தளம். தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்குள்தான் ஓட வேண்டும், அதுவும் ஆமை வேகத்தில். இத்தனை வருடத்தில் அவர் ஒரு பெட்டியைக்கூட இடித்ததில்லை.

அவரிடம் குறை என்று சொன்னால் ஒன்றுதான். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சனிக்கிழமை மேலதிக வேலைக்கு யார் கேட்டாலும் ஓம். வீடு மாறுகிறவன் சோபா தூக்கக் கூப்பிட்டால் ஓம். ஒருமுறை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பிறந்தநாளுக்கு ஓம் சொல்லி, இரண்டிலும் வயிறு முட்டச் சாப்பிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வர முடியாமல் படுத்துவிட்டார். நல்ல மனிதர் என்று எல்லோரும் அவரைச் சொல்வதற்கு இதுதான் காரணம். எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

போன நவம்பரில் ஒரு நாள், சாப்பாட்டு அறையில் என் பக்கத்தில் வந்து இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

"ஸ்ரிபன், கண் டொக்டரிட்டப் போனனான்."

கண் அழுத்தம். மருந்து விட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் வலது பக்கப் பார்வையில் ஒரு துண்டு அழிந்துகொண்டு போகிறதாம். மார்ச்சில் திரும்பவும் சோதனை. அதில் இன்னும் குறைந்திருந்தால் வாகன அனுமதிப் பத்திரம் போய்விடும், அதோடு போர்க்லிப்டும் போய்விடும்.

"குறையும் எண்டுதான் அவ சொல்லுறா," என்றார். டொக்டர் அம்மாவைச் சொன்னார்.

நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார்.

"அதுக்குள்ள ஒருக்கா ஸ்னோ ஸ்கூட்டர் ஓடவேணும். உறைஞ்ச ஏரியில. கோடு ஒண்டும் இல்லாத இடத்தில."

அப்போதுதான் நான் சிரித்தேன். அவர் கோபிக்கவில்லை. கைபேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டினார். வெள்ளையாய் ஒரு ஏரி, கரையே தெரியவில்லை. ஒருவன் ஸ்கூட்டரில் அதன் நடுவால் போய்க்கொண்டே இருந்தான். கண் மருந்துக்காக வீட்டில் இருந்த நாட்களில் இதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தாராம்.

"ஒருத்தருக்கும் கண்ணைப் பற்றிச் சொல்லாத. விக்ரோரியாவுக்கும் சொல்லேல்ல. அவ நாள் முழுக்க நோயாளியளைப் பாத்துப்போட்டு வாறா. வீட்டிலயும் ஒண்டைப் பாக்கிறதோ? மார்ச்சில தெரியவேண்டிய நேரம் தெரியட்டும்."

அவர் மனைவி விக்ரோரியா அக்கா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்தை இந்தக் கதை முடியும்வரை காப்பாற்றினேன். காப்பாற்றியிருக்கக் கூடாது.

அண்ணை சுவீடனின் வடக்கே ஒரு சின்ன ஊரின் ஸ்கூட்டர் சங்கத்தை இணையத்தில் தேடிப் பிடித்தார். தெரியாத இடத்தில் பனிக்கட்டியின்மேல் தனியாய் ஓடுவது பைத்தியக்காரத்தனம் என்று அவருக்குத் தெரியும். அந்த ஊர் ஏரியை அறிந்த ஒருவர் கூட வர வேண்டும். டேனிஷில் நான்கு வரி எழுதிப் போட்டார். அடுத்த நாளே பெங்ட் என்ற ஒருவர் சுவீடிஷில் பதில் எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற மரம் வெட்டுகிறவர். அவரிடம் இரண்டு ஸ்கூட்டர்கள். ஒன்று அவருடையது, மற்றது செத்துப்போன தம்பியுடையது, சும்மா நிற்கிறது.

மூவரும் காணொளியில் பேசினோம். அவர் சுவீடிஷ், நாங்கள் டேனிஷ். பாதி விளங்கியது, மீதியைக் கையால் பேசினோம். பெங்ட் முதலில் கேட்டது அண்ணையின் எடையை. பிறகு காலணி அளவு. பிறகு, ஏழாவது வாரம் வா என்றார். இந்த நாடுகளில் திகதி சொல்ல மாட்டார்கள். ஆண்டின் எத்தனையாவது வாரம் என்றுதான் சொல்வார்கள். ஏழாவது வாரம் என்றால் பெப்ரவரி நடு.

"சனிக்கிழமை காலமை வெளிக்கிடுவம். நானும் நீயும் ஸ்கூட்டரில. உன்ர கூட்டாளி கரையில என்ர அடுப்பைப் பாத்துக்கொள்ளட்டும். வேற ஆக்களைக் கொண்டுவராத. என்னட்ட ரெண்டு வண்டிதான் இருக்கு." சுவீடிஷில் அவர் சொன்னதை அண்ணை எனக்கு இப்படித்தான் மொழிபெயர்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

இருட்டில் அவரால் கார் ஓட்ட முடியாது. அதனால் நான் கூடப் போவது என்று முடிவாயிற்று. அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்று பின்னேரம் என் மனைவி சாரங்கியிடம், கண்ணை விட்டுவிட்டு, பயணத்தை மட்டும் சொன்னேன். அவள் பிரெடெரிசியாவில் இருக்கும் தன் தம்பி ரஜிதனுக்குச் சொன்னாள். சோறு வடிக்கிற நேரத்துக்குள் ரஜிதன் அண்ணைக்குப் போன் அடித்துவிட்டான்.

"அண்ணை, பனி பாக்கப் போறியளாம். பிள்ளையளுக்கும் ஏழாம் கிழமைதான் லீவு. நாங்களும் வரலாமோ?"

"ஓம், வாங்கோவன்," என்றார் அண்ணை.

இரண்டு வண்டி, இரண்டு பேர் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஏன் இரண்டு பேர், ஏன் இந்த வருடமே என்று ரஜிதன் கேட்டிருப்பான். அதற்குக் கண்ணைச் சொல்ல வேண்டும். அதனால் ஓம். ரஜிதன் தன் ஊர்க்காரன் துவாரகனுக்குச் சொன்னான். துவாரகனின் மைத்துனன் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறான். அவன் தன் அடுக்குமாடியில் எல்லோருக்கும் சொன்னான். எல்லோருக்கும் ஓம். கிறிஸ்மசுக்கு முன்பே இருபத்தேழு பேர் ஆகிவிட்டோம்.

இருபத்தேழு தமிழர் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும்? குழு நடக்கும். தமிழ்ப் பூசை முடிந்து, தேவாலய மண்டபத்தில் ரோல்சும் தேத்தண்ணியுமாகக் கூட்டம் போட்டார்கள். பனிப் பயணக் குழு என்று பெயர். ஞானரட்ணம் அண்ணை ஏகமனதாகத் தலைவர். துவாரகன் செயலாளர். அவன் மடிக்கணினியோடு வந்திருந்தான். அரிசி அவிக்கிற பெரிய சட்டி யார் கொண்டுவருவது என்பதற்கு அரை மணித்தியாலம் போயிற்று. இரண்டு மினிபஸ்ஸா மூன்றா என்பதற்கு இன்னொரு அரை மணித்தியாலம். ஸ்கூட்டரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அண்ணையின் மகள் மரினா மட்டும், அப்பாவுக்கு விசர் என்று டேனிஷில் சொல்லிவிட்டுக் கைபேசிக்குத் திரும்பினாள்.

பிறகு துவாரகன் எழும்பினான்.

"தலைவர் கோபிக்கக் கூடாது. ஏழாம் கிழமை சனிக்கிழமை எங்கட பிள்ளையின்ர சாமத்திய வீடு. ஹோல் எடுத்தாச்சு."

வயதுக்கு வந்த பெண்ணுக்கு எடுக்கிற சடங்கு அது. அண்ணையைப் பார்த்தேன். அவர் ரோல்சைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், சிரித்துக்கொண்டிருந்தார். பயணத்தை எட்டாவது வாரத்துக்கு மாற்றலாம் என்றார் ஒருவர். அப்போது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றார் இன்னொருவர். தவக்காலம், பெரிய வாரம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, ஈஸ்டருக்குப் பிறகு என்று முடிவு செய்து கை தூக்கினார்கள். தலைவரும் கை தூக்கினார். ஈஸ்டருக்குப் பிறகு அங்கே ஏரியில் ஸ்கூட்டர் அல்ல, வள்ளம்தான் ஓடலாம். அதற்கு முதலே மார்ச் வந்து போய்விடும்.

காரில் வரும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, அவை எப்ப வேணுமெண்டாலும் போகட்டும். நாங்கள் ரெண்டுபேரும் ஏழாம் கிழமை பேசாமப் போவம்."

"துவாரகனும் மனுசியும் வீட்ட வந்து அழைப்புக் காட் தந்தவை."

"தந்தால்?"

"மரினாவின்ர விழாவுக்கு அவையள் ரெண்டு நாள் எங்கட குசினியில நிண்டு பலகாரம் சுட்டவை, ஸ்ரிபன். அண்டைக்கு நான் இல்லாட்டி, ஏன் இல்லை எண்டு கேப்பினம். சுகமில்லை எண்டு சொன்னா வீட்ட வருவினம்."

எங்கள் சனத்தில் விழாவுக்கு விழா வைத்துக்கொள்கிற கணக்கு அப்படிப்பட்டது. அட்டையைத் தபாலில் அனுப்பினால் தப்பலாம். புருசனும் பெண்சாதியுமாய் வந்து, தேத்தண்ணி குடித்து, கையில் தந்துவிட்டுப் போனால் தப்ப முடியாது. நானும் அப்படி எத்தனையோ சனிக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என்னிடம் இன்னும் சனிக்கிழமைகள் இருந்தன.

"அப்ப பெங்டுக்குச் சொல்லுங்கோ," என்றேன்.

"சொல்லுவம்."

ஜனவரியில் கேட்டேன். சொல்லுவம் என்றார். பெப்ரவரி முதல் வாரத்தில் கேட்டேன். பெங்ட் அனுப்பியிருந்த செய்திகளைக் காட்டினார். பனிக்கட்டி அறுபது சென்ரிமீற்றர் தடிப்பு. தம்பியின் வண்டிக்கு எண்ணெய் மாற்றியாயிற்று. உன் காலுக்குச் சரியான சப்பாத்து பக்கத்து வீட்டில் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே அண்ணை ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தார். அந்த மனிதருக்கும் இல்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சத்தம் போட்டேன். அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "நீ சொல்லுறது சரிதான்," என்றார். நான் சொல்வது சரி என்று சொல்கிறவரை மேற்கொண்டு என்ன செய்வது?

ஏழாவது வாரம் சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பிரெடெரிசியாவில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் இருந்தோம். நானூறு பேர். துவாரகனின் மகளைப் பூத்தூவிய பல்லக்கில் தூக்கி வந்தார்கள். முன்னால் புகை இயந்திரம். அண்ணை கோட்டும் சூட்டும் போட்டு எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். விக்ரோரியா அக்கா மேடையில் ஆலாத்தித் தட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணையின் கைபேசி அதிர்ந்தது. பெங்ட் ஒரு படம் அனுப்பியிருந்தார். அண்ணை அதை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"ஒண்டைத்தான் கொண்டுவந்திருக்கிறார்," என்றார். அவர் குரலில் ஒரு ஆறுதல் இருந்தது. "நான் வரமாட்டன் எண்டு விளங்கியிருக்கு போல. நல்லதாப் போச்சு."

நான் படத்தைப் பார்த்தேன். வெள்ளை ஏரி. இடது பக்கத்தில் ஒரு கறுப்பு ஸ்கூட்டர். வலது பக்கத்தில் இன்னொன்று, சிவப்பு, துடைத்துப் பளபளவென்று. அதன் இருக்கையில் ஒரு தலைக்கவசமும் ஒரு சோடிச் சப்பாத்தும் இருந்தன. கீழே எழுதியிருந்தார்: எங்கே நிற்கிறாய்?

சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்கு அந்த நேரம் பொய் வரவில்லை. விரலைக் கொண்டுபோய்ச் சிவப்பு ஸ்கூட்டரில் வைத்தேன்.

"இஞ்ச, அண்ணை."

அவர் என் விரலைப் பார்த்தார். தலையைச் சரித்து, திருப்பி, திரும்பவும் பார்த்தார். எந்த இடத்தில் அது அவருக்குத் தெரிந்தது என்பதை அவர் முகத்திலிருந்தே கண்டேன். அதற்குப் பிறகு மார்ச் வரை காத்திருக்க எங்கள் இருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

துவாரகன் அந்தப் பக்கமாய் வந்தான். வேட்டி சால்வையோடு, வேர்த்து வழிந்துகொண்டு, சந்தோசமாய் இருந்தான். "தலைவர் சாப்பிட்டாச்சோ? ஈஸ்டருக்குப் பிறகு எண்டது உறுதிதானே? அங்க தங்கிறதுக்கு வீடு பதியவேணும்."

"ஓம், உறுதி," என்றார் அண்ணை.

அவன் போனபின் கைபேசியை என் கையில் வைத்தார். எழுத்துகளைத் தன்னால் இப்போது பார்க்க ஏலாது, நீ எழுது என்றார்.

"என்ன எழுத?"

மேடையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் கைதட்டினார். தட்டிக்கொண்டே சொன்னார்.

"வந்துகொண்டிருக்கிறம் எண்டு எழுது."

எங்கள் ஆட்கள் இன்னும் குளிக்கப் போகாதபோதும் சொல்கிற சொல் அது. கேட்கிற தமிழனுக்கு அது தெரியும். அவன் தன் பாட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். பெங்ட் தமிழன் இல்லை. இதை நான் அண்ணையிடம் சொல்லவில்லை. எழுதி அனுப்பினேன்.

ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. அண்ணை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன்: மெதுவாக வா, தெருவில் பனிக்கட்டி இருக்கிறது, நான் இங்கேயே நிற்கிறேன்.