தொங்கவிடச் சொன்ன பை

மலையேறிவிட்டு வந்த மகள், தன் ஸ்லீப்பிங் பேக்கை வெயிலில் காயவைத்து உதறி, பீரோவில் என் சட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நீளமாகத் தொங்கவிட்டிருக்கிறாள். சுருட்டிப் பரணில் போட்டால் இடமாவது மிஞ்சுமே என்றேன். சுருட்டியே வைத்திருந்தால் உள்ளே இருக்கிற இறகு செத்துப்போகும் என்றாள். எனக்குத் தெரியாதா என்ன? அப்படி ஒன்றைக் கொன்றவன் நான். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன!

அப்போது எனக்கு வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டும் நடுங்குகிற தாராபுரத்துக்காரன். பக்கத்து மேஜை சேவியர் அண்ணன். காந்தலில் ஒன்றரை அறை வீடு, ஒன்பது பேர் குடும்பம். வருஷத்தில் இரண்டே நாள், டிசம்பரில், நாங்கள் ஐந்து பேர் அவலாஞ்சிப் பக்கம் போய்க் கூடாரம் போடுவோம். அந்த இரண்டு நாளுக்காகத்தான் மிச்ச நாளெல்லாம் வேலைக்கு வருகிறேன் என்பார். ஆனால் அவருக்கு வீசிங் உண்டு. பனி நெஞ்சில் இறங்கினால் மூச்சு விசில் அடிக்கும். அதனால்தான் ராணுவம் கழித்துப்போட்ட சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினார். கட்டை அவிழ்த்துவிட்டால் பூரி மாதிரி உப்பும். அவர் வீட்டில் அதைத் தொங்கவிட ஒரு ஆணி அடிக்கவும் சுவர் மிச்சமில்லை. என் அறையில் நானும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான்.

"மடிக்காதீங்க தம்பி, சுருட்டவும் வேண்டாம். சும்மா தொங்கவுடுங்க. அது மூச்சு வுடோணும்" என்று சொல்லி, பையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் காலை, வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, யாரோ தலையில்லாமல் தொங்குகிறான் என்று பால் செம்பைப் போட்டுவிட்டார். பயம் தெளிந்ததும் திட்டு விழுந்தது. நீலகிரியில் ஆனி பிறப்பதற்குள் கம்பளி, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டி, பாச்சை உருண்டை போட்டு, பெட்டியில் பூட்டிவிடுவார்கள். மழை மாதங்களில் வெளியே கிடக்கிற துணி பூசணம் பூத்துவிடும். ஊருக்கே தெரிந்தது உனக்குத் தெரியாதா என்கிற மாதிரி பேசினார். எனக்கும் நியாயமாகப் பட்டது. முழங்காலால் அழுத்திச் சுருட்டி, நான்கு முடிச்சுப் போட்டு, பத்து உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கம்பளிக்குச் சரியான வைத்தியம்தான்.

அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். கேன்டீனில் பார்க்கும்போதெல்லாம் பை எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். தொங்குகிறது அண்ணா என்பேன். போகப்போக வாரம் ஒருமுறை உதறிவிடுகிறேன் என்றேன். வாய் கூசவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியைத் திறந்தால் பாச்சை உருண்டை நெடி மூக்கில் அறைந்தது. பை விரியவே இல்லை. இறகெல்லாம் ஈரத்தில் கட்டிகட்டியாகத் திரண்டு மூலைக்கு மூலை ஒதுங்கியிருந்தது. நடுவில் வெறும் துணி. தகரக் கூரைமேல் பகலெல்லாம் காயப்போட்டுத் தட்டிப் பார்த்தேன். பிறகு பழையபடியே சுருட்டி, கிளம்புகிற அன்று காலை சிரித்துக்கொண்டே அவர் கையில் கொடுத்தேன். இன்றைக்கும் எனக்குப் பிடிக்காத சிரிப்பு அது.

மறுநாள் விடிந்தபோது அவலாஞ்சிப் புல்லெல்லாம் உறைபனி. சேவியர் அண்ணன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, இல்லை, தூங்காமலே உட்கார்ந்து, நெருப்புக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு எனக்கு நாலடி தள்ளிக் கேட்டது. மற்றவர்கள் மலைக்குக் கிளம்பினார்கள். அவரால் முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவருக்கு நெடியிலேயே தெரிந்திருந்தது. நெருப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"பை போனாப் போகட்டுமுங்க. நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஊட்டுலிருந்து ரெண்டு கம்பளி எடுத்துட்டு வந்திருப்பேனல்லங்க தம்பி."

திட்டியிருந்தால் தேவலை.

இப்போது அங்கெல்லாம் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. எங்கள் ஐவரில் மூன்று பேர் உயிரோடு இல்லை, சேவியர் அண்ணனும் அதில் ஒருவர். அதற்குப் பிறகும் சில டிசம்பர்கள் ஒன்றாகப் போனோம். அவர் என்னிடம் முகம் கோணியதே கிடையாது. வேறொரு பையும் ஏலத்தில் கிடைத்தது. அதைக் காந்தல் வீட்டில், பிள்ளைகள் படுக்கிற இடத்துக்கு மேலே, உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். எழுகிறபோதெல்லாம் ஒவ்வொருவர் தலையிலும் இடிக்கும். நான் வைத்துக்கொள்கிறேன் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"இருக்கட்டுமுங்க தம்பி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார்.

என் அறை அப்போதும் காலியாகத்தான் கிடந்தது.